ஒரகடத்துக்கு வந்த சைக்ளோன்

கார் கம்பெனியின் பெயிண்ட் பிரிவில் தூசி பார்ப்பதுதான் முன்பு என் வேலை. பெயிண்ட் அடித்து வெளியே வரும் ஒவ்வொரு பானெட்டையும் ட்யூப் லைட் வெளிச்சத்தில் குனிந்து குனிந்து பார்க்க வேண்டும். கடுகில் பாதி அளவுக்குத் தூசி ஒட்டியிருந்தாலும் அதைச் சுற்றி வட்டம் போட்டு லைனை நிறுத்திவிடலாம். தலை முதல் கால் வரை மூடிய வெள்ளை உடுப்பு, முகமூடி, கையுறை, உள்ளே நுழையும் முன் நாலு பக்கமும் காற்றடித்து ஆளைத் தட்டிவிடும் ஒரு சின்ன அறை. முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு வந்தாள் என்று ஒரு பெண்ணை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவள் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. எனக்கும் அதில் வருத்தமில்லை.

அப்படிப்பட்ட என்னைக் கட்டிக்கொண்டவர் தூசி கிளப்புவதையே பிழைப்பாக வைத்திருக்கிறார். கடலில் அலைமேல் நின்று சறுக்கிப் போகிறார்களே, அவர்கள் காலுக்குக் கீழே இருக்கும் பலகையைச் செய்பவர். எங்கள் இருவருக்கும் தூத்துக்குடிப் பக்கம். அவருக்கு வாசலிலேயே கடல். ஃபைபர் படகு செய்யும் இடத்தில் கை பழகி, அப்படியே பலகைக்குத் தாவிவிட்டார். ஆள் உயரத்துக்கும் மேல் நீளமான ஃபோம் கட்டையைக் கரண்டு பிளேனரால் சீவி, சாண்டரால் தேய்த்து, மீன் மாதிரி வளைவு கொண்டுவர வேண்டும். வளைவு வருவதற்குள் கட்டையில் பாதி தூளாகிவிடும். பச்சரிசி மாவைவிட மெலிசான தூள். உடம்பில் பட்டால் குளித்தாலும் போகாது. துடைக்கப் போனால் துணியோடு ஒட்டிக்கொண்டு கூடவே வரும்.

கடலே இல்லாத ஒரகடத்தில் கடல் பலகை செய்வானேன் என்று கேட்காதவர்கள் இல்லை. கடலோரக் கோவளத்தில் ஷெட் வாடகையைக் கேட்டுவிட்டு வந்து கேளுங்கள் என்று சொல்லிவிடுவேன். சூப்பர்வைசரோடு சண்டை போட்டுக்கொண்டு வேலையை விட்ட பிறகு நானும் பட்டறைக்கே வந்துவிட்டேன். அவருக்குச் சீவுவது வேலை, எனக்கு ஊராரைச் சமாளிப்பது வேலை. இரண்டாவதுதான் கஷ்டம். பட்டறை தண்டலத்தில் இருந்தபோது பக்கத்துக் கல்லூரி விடுதிப் பிள்ளைகளின் துணியெல்லாம் எங்கள் தூள் படிந்து வெளுத்தது, வெளியே அனுப்பிவிட்டார்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு பரோட்டாக் கடைக்குப் பின்னால் இடம் கிடைத்தது. அங்கே பறப்பது மைதாவா எங்கள் தூளா என்று யாருக்கும் பிரித்துச் சொல்லத் தெரியாததால் கொஞ்ச காலம் நிம்மதியாக இருந்தோம். பரோட்டாக் கடைக்காரர் ஒருநாள் கடைக்கு லீவு விட்டதில் குட்டு வெளிப்பட்டுவிட்டது.

மூன்றாவதாகக் கிடைத்ததுதான் ஒரகடத்தில் இந்த ஷெட். ஷெட்டை வாடகைக்கு விட்ட வீட்டுக்கார அக்காவின் வீடு அதை ஒட்டிப் பின்னால் இருக்கிறது. நிலமெல்லாம் தொழிற்பேட்டைக்குப் போனபின் மிச்சமிருந்த இடத்தில் வீடு, ஒரு ஷெட், ஒரு எருமை. 'சர்ஃப் போர்டு' செய்கிறோம் என்று சொல்லித்தான் வாடகைக்குக் கேட்டோம். சர்ஃப் என்றதும் துணி துவைக்கிற தூள் என்று நினைத்துக்கொண்டு சந்தோஷமாகச் சாவியைக் கொடுத்துவிட்டார். வெள்ளைத் தூள் பறக்க ஆரம்பித்த முதல் வாரம் அவருக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தோன்றவில்லை. கொஞ்சம் அள்ளிப்போய் வாளியில் கலக்கிப் பார்த்து, நுரை வரவில்லை என்று புகார் சொல்ல வந்தபோதுதான் உண்மை தெரிந்தது.

அதற்கப்புறம் தினமும் விசாரணைதான். கொடியில் துணி, வாசலில் கோலம், குழம்புச் சட்டி, எல்லாவற்றையும் சாட்சிக்குக் கூப்பிட்டார். ஒருநாள் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் எருமை முன்னால் நிறுத்தினார்.

"நீயே பாரும்மா. இது எருமையா பசுவான்னு எனக்கே தெர்ல. பால் வாங்க வர்றவன் இன்னா மாடுன்னு கேக்குறான். நான் இன்னான்னு சொல்றது?"

எருமை என்னைப் பார்த்தது. இமையெல்லாம் வெள்ளை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்திருக்கக் கூடாது.

"சிரிக்கிறியா? கார்த்திகை தீபத்துக்கு வெளக்கு வைக்கிறப்ப எம் வாசல்ல இந்த மாவு ஒரு சிட்டிகை விழுந்துச்சு, அன்னிக்கே ஷெட்ட காலி பண்ணிக்கினு போய்க்கினே இருக்கணும். சொல்ட்டேன்."

அன்று நான் நிஜமாகவே பயந்தேன். இரண்டு இடத்தில் துரத்தியாகிவிட்டது. மூன்றாவது இடத்திலும் துரத்தினால் பலகையும் வேண்டாம் அலையும் வேண்டாம் என்று இவர் ஏதாவது கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாகப் போய் நிற்பார், நான் அந்தச் சூப்பர்வைசரிடமே போய்க் கைகட்டி நிற்க வேண்டும். அதற்கு எருமையைத் தினமும் நானே குளிப்பாட்டிவிடலாம்.

தூசியைப் பிடிக்கும் வேலையில் இறங்கினோம். முதலில் வீட்டு வேக்குவம் கிளீனரைப் பிளேனரோடு சேர்த்துப் பழைய லுங்கியால் இறுக்கிக் கட்டினார். சீவ ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அதன் பை நிறைந்து வெடித்தது. உள்ளே இருந்து இவர் வெளியே வந்தபோது பல் மட்டும்தான் மஞ்சளாகத் தெரிந்தது. அடுத்து, சுவரில் ஓட்டை போட்டு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தார். அறை சுத்தமாகிவிட்டது. ஓட்டைக்கு அந்தப் பக்கம் எருமைக் கொட்டகை.

"தூசியப் பிடிக்கச் சொன்னா, எடம் மாத்தியா வெக்கீய?" என்று கத்தினேன்.

"ஏட்டி, உள்ள சுத்தமாயிட்டுல்லா?" என்றார்.

இதற்குமேல் இவரை நம்பிப் பயனில்லை என்று நானே விசாரித்தேன். மரப்பட்டறைகளிலும் மாவு மில்களிலும் இதற்கென்றே ஒரு சாதனம் வைத்திருக்கிறார்கள். தகரத்தில் செய்த பெரிய புனல், அதற்குக் கீழே ஒரு டிரம். புளோயர் இழுக்கும் காற்று புனலுக்குள் சுழன்று சுழன்று போகும். தூள் சுழற்சியில் ஓரம் தள்ளப்பட்டுக் கீழே டிரம்மில் விழும், மிச்சக் காற்று மேலே போய் ஒரு துணிப் பையில் வடிகட்டப்பட்டு வெளியேறும். இதற்குத் தொழிலில் பெயர் சைக்ளோன். இருங்காட்டுக்கோட்டையில் கம்பெனிகளுக்குத் தகரக் குழாய் வேலை செய்து கொடுக்கும் ஒருவரிடம் ஆர்டர் கொடுத்தோம். வீட்டுக்கார அக்காவிடம், "மெஷின் வருதுக்கா, எல்லாம் சரியாயிரும்" என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

அந்த மனிதர் நாளைக்கு நாளைக்கு என்றே இழுத்தடித்தார். தீபம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு காலையில் பொறுமை போய், சிக்னலுக்காக ஷெட்டுக்குப் பின்பக்கம் மதில் ஓரமாக நின்றுகொண்டு போனில் அவரைப் பிடி பிடியென்று பிடித்தேன்.

"அண்ணே, வியாழக்கிழமை சைக்ளோன் வந்தே ஆகணும். மழுப்பாம சொல்லுங்க, வருமா வராதா? உறுதியா வருதுல்லா? சின்னதெல்லாம் ஒண்ணுத்துக்கும் ஆகாது, பெருசாத்தான் வரணும். வந்துச்சுன்னா சுருட்டி இழுக்கிற இழுப்புல தெருவுல ஒரு தூசி மிஞ்சக்கூடாது!"

மதிலுக்கு அந்தப் பக்கம் வீட்டுக்கார அக்கா எருமையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஒரகடம் பக்கத்தில் புயல் என்று யாரும் சொல்வதில்லை. கம்பெனிகள் லீவு விடும்போது 'சைக்ளோன் லீவு' என்றுதான் மெசேஜ் வரும், அதனால் எல்லோர் வாயிலும் சைக்ளோன்தான். தவிர, என் வீட்டுக்காரர் காலையில் பல் விளக்குவதற்கு முன்பே போனில் காற்றும் அலையும் பார்க்கிறவர். கடல் எத்தனை தூரத்தில் இருந்தாலும் அந்தப் பழக்கம் போகாது. ஒருமுறை, "அக்கா, வேர்க்கடலையக் காயப் போடாதீய, சாயங்காலம் மழ இருக்கு" என்று சொன்னார், சொன்ன மாதிரியே கொட்டித் தீர்த்தது. அன்றிலிருந்து அந்த அக்கா டிவியில் வானிலை பார்ப்பதை நிறுத்திவிட்டார். அப்பேர்ப்பட்ட ஆளின் பெண்டாட்டி, வியாழக்கிழமை பெரிய சைக்ளோன் உறுதி என்று போனில் அலறினால் அக்கா என்ன செய்வார்?

மறுநாள் கடைக்குப் போனேன். பிரெட் இல்லை. மெழுகுவத்தி இல்லை. ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் கம்பெனிப் பையன்கள் ஆளுக்கு நாலு பாக்கெட் பிஸ்கட்டோடு நின்றார்கள். லீவு கிடைக்கும் என்ற சந்தோஷம் அவர்கள் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"வியாழக்கெழம சைக்ளோன் வருதாம்க்கா" என்றார் கடைக்காரப் பெண். "பெருசாம். தெருவுல ஒரு தூசி மிஞ்சாதாம்."

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்கோ. கடல் வேல செய்றவங்களே கன்பார்ம் பண்ட்டாங்களாம்."

ஒரு பையன் கையில் இருந்த கடைசி மெழுகுவத்திப் பாக்கெட்டைச் சண்டை போட்டு வாங்கிக்கொண்டு ஓட்டமாக வந்தேன்.

"ஏங்க, சைக்ளோன் வருதாம்லா, போனப் பாருங்க!"

அவர் பார்த்தார். "காத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. கடலு குளம் கணக்கா கெடக்கு."

"ஊரே சொல்லுது, நீங்க போனப் பாத்துட்டு ஒண்ணும் இல்லைங்கீய. கடல் வேல செய்யிறவங்களே சொல்லிட்டாங்களாம்."

"அது யாருட்டி, இந்த ஊர்ல நம்மள விட்டா?" என்றார்.

அந்தக் கேள்வியிலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். ஆனால் நான் அப்போது மெழுகுவத்தியை எந்த அலமாரியில் வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். புயல் காற்றில் தகரப் புனலை ஏற்றிக்கொண்டு வண்டி வந்தால் பறந்துவிடுமே என்று அடுத்த கவலை பிடித்தது. தகர வேலைக்காரருக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, வியாழக்கிழமை சைக்ளோன அனுப்பாதீங்க. சைக்ளோன் வருதாம்."

"மேடம், நான் அனுப்புனாத்தானே வரும்?"

"என்ன வெளையாடுதீங்களா? அது நீங்க அனுப்பித்தான் வருதா?"

"பின்ன வேற யாருகிட்டயாவது ஆர்டர் குட்த்துக்கீறீங்களா? இத்தினி நாள் செஞ்சி வச்சிக்கிறேன், இப்ப வேணான்னா இன்னா அர்த்தம்? பேஜாரா கீதே!" என்று அவர் கோபமாக வைத்துவிட்டார். இந்த மனிதருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நான் முடிவு செய்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்கார அக்கா வாசலில் ஒரு சின்ன லோடு வண்டி வந்து நின்றது. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மெத்தையில் சுற்றிய டிவி, கேஸ் சிலிண்டர். அவற்றுக்கு நடுவே ஒரு பெண், இரண்டு பிள்ளைகள். பின்னாலேயே பைக்கில் ஒரு ஆள். அக்காவின் மகளும் மருமகனும் என்று அப்புறம்தான் தெரிந்தது. நாங்கள் குடிவந்ததிலிருந்து அவர்களைப் பார்த்ததே இல்லை. மகனின் கல்யாணத்துக்கு அக்கா மருமகனுக்குத் தட்டு வைத்து நேரில் அழைக்காமல், பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாராம். வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் வாட்ஸ்அப்பில்தான் வருவேன் என்று மருமகன் ஒரு கும்பிடு பொம்மையை அனுப்பிவிட்டுக் கல்யாணத்துக்கு வராமல் இருந்துவிட்டார். அதோடு மகள் வருவதும் நின்றுபோனது. அவர்கள் வீடு அனகாபுத்தூரில் ஆற்றோரம். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்து வெள்ளம் வந்த அந்த வருஷம் மொட்டை மாடியில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தவர்கள். தண்ணீர் விஷயத்தில் மட்டும் அந்த மருமகன் வீம்பு பார்ப்பதில்லை. மாமியார் போனில் சைக்ளோன் என்று சொன்னதும் சாமானைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

வியாழக்கிழமை விடிந்தது. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். மேகம் என்று சொல்ல ஒரு பஞ்சுகூட இல்லை. தெருவே வாசலில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கம்பெனிகள் லீவு விடாத கடுப்பில் பையன்கள் ஷிப்டுக்குப் போகாமல் பிரெட் தின்றுகொண்டிருந்தார்கள். அப்போது ஒரு லோடு ஆட்டோ தெருவுக்குள் திரும்பி நடுத்தெருவில் நின்றது. டிரைவர் தலையை நீட்டி உரக்கக் கேட்டார்.

"இங்க சைக்ளோன் யாருக்குங்க? வந்து எறக்கிக்குங்க!"

என் காதில் அந்த வார்த்தை விழுந்ததும் மதில் ஓரத்தில் நின்று நான் போனில் கத்திய ஒவ்வொரு வாக்கியமும் வரிசையாக நினைவுக்கு வந்தது. பெருசாத்தான் வரணும். சுருட்டி இழுக்கணும். ஆட்டோவில் ஆள் உயரத் தகரப் புனல் பளபளவென்று படுத்திருந்தது. தெரு முழுக்க அதைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது, பிறகு வீட்டுக்கார அக்காவைப் பார்த்தது.

அக்கா எழுந்து வந்தார். புனலைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார். திரும்பித் தன் வாசலில் நின்ற ஃபிரிட்ஜைப் பார்த்தார். அதன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு மருமகன் நின்றுகொண்டிருந்தார். தொலைந்தோம், இன்றைக்கே சாவியை வாங்கிவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன். அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்.

"வியாழக்கெழம சைக்ளோன் வரும்னு சொன்னனா இல்லியா? வந்துச்சா இல்லியா?"

ஒரு பையன், "எக்கா, வாங்குன பிரெட்ட என்ன செய்ய?" என்றான்.

"துன்னு" என்றார் அக்கா.

மருமகன் அன்றே கிளம்பிவிடத்தான் பார்த்தார். ஆனால் ஃபிரிட்ஜை மறுபடி தூக்கி ஏற்ற யாருக்கும் தெம்பில்லை, பிள்ளைகள் எருமையை விட்டு வரமாட்டேன் என்றன, தீபம் முடித்துவிட்டுப் போகலாம் என்று மகள் சொல்லிவிட்டாள். மாமியார் முகத்தைப் பார்க்காமல் மாமியார் வீட்டில் நாள் முழுக்க இருக்க வேண்டுமென்றால் எங்கே போவது? எங்கள் ஷெட்டுக்கு வந்துவிட்டார். சாப்பிட மட்டும் வீட்டுக்குப் போவார். அவரும் என் வீட்டுக்காரருமாகப் புனலைத் தூக்கிச் சுவரில் மாட்டினார்கள், பிளாஸ்டிக் குழாயை அறை முழுக்க ஓட்டினார்கள். முதல் முறை போட்டபோது தூள் உரசிப் போன குழாயில் இருவரும் கை வைத்து ஷாக் வாங்கி, ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள். குழாய் நெடுக ஒரு கம்பியைச் சுற்றித் தரைக்கு இறக்கிய பிறகு அது அடங்கியது. அப்புறம் டிரம்மில் ஒரு பொட்டுத் தூள் விழவில்லை, எல்லாம் மேலே துணிப் பைக்குள்ளேயே போனது. மூடி ஓரத்தில் காற்று கசிகிறது என்று கண்டுபிடித்தது நான்தான். பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி மூடியைச் சுற்றி இறுக்கினேன். அதற்குப் பிறகு கீழே தூள் கொட்டுகிற சத்தம் கேட்டது. பானெட் பார்த்த காலத்தில்கூட ஒரு நல்ல சத்தத்துக்கு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

தீபத்தன்று சாயங்காலம் அக்கா மதில் மேல் வரிசையாக அகல் விளக்குகளை வைத்து ஏற்றினார். பிறகு ஷெட்டுப் பக்கம் திரும்பி, "ஓட்டு" என்றார். இவர் உள்ளே போய் ஒரு புதுக் கட்டையை எடுத்துப் போட்டுச் சீவ ஆரம்பித்தார். நான் மதில் ஓரத்தில் கறுப்புத் துணி ஒன்றை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிளேனர் கத்துகிறது, புளோயர் உறுமுகிறது, மகளும் பேரப்பிள்ளைகளும் வாசலில் நிற்கிறார்கள். மருமகன் மூச்சு விடாமல் துணியையே பார்க்கிறார். பாதிக் கட்டை தூளாகிற வரைக்கும் நாங்கள் அப்படியே நின்றோம். துணியை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். லைனை நிறுத்தக் காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை. அக்காவும் எட்டிப் பார்த்தார். பொரி உருண்டைத் தட்டை எடுத்து முதலில் மருமகனிடம் நீட்டினார். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அதற்கடுத்த நாள் வண்டி வந்து ஃபிரிட்ஜை ஏற்றிக்கொண்டு போனது. வாசல் பழையபடி வெறிச்சென்று ஆகிவிட்டது. நான் ஷெட்டில் டிரம்மைக் காலி செய்துகொண்டிருந்தபோது அக்கா வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றார். அவர் வாயால் ஒரு வார்த்தை கேட்காமல் எனக்கு மனசு ஆறவில்லை.

"அக்கா, நாங்க இருக்கலாமா, காலி பண்ணணுமா?"

"நீ ஏன் காலி பண்ற? இருங்க" என்றார். புனலை ஒருமுறை தட்டிப் பார்த்தார். "இந்த மாதிரி இன்னொண்ணு வாங்குவியா?"

"எதுக்குக்கா? இந்த ஷெட்டுக்கு இது ஒண்ணே தாராளம்."

"அதில்லம்மா. வாங்குறதா இருந்தா முன்னாடியே எனக்குச் சொல்லு. நான் எம் பொண்ணுக்குப் போன் பண்ணணும்."

எதற்கும் வாயாடுகிற எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைத் தூசி என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

"பொங்கலுக்கு ஒண்ணு வருதுக்கா" என்றேன்.

"தை மாசத்துல எங்கேம்மா சைக்ளோன் வரும்?"

"வரும்க்கா. பெருசா வருதுன்னு சொல்லுங்க."